யார் தலையில் இந்தக் கடன்?

போலிக் கல்லூரியில் சேர்ந்து ஏமாந்துபோன பிள்ளையின் கல்விக்கடனை யார் கட்டுவது? கேட்டவுடனே பதில் வந்துவிடுகிறது: ‘வாங்கினவன் கட்டணும். இதுல என்ன கேள்வி?’ வங்கிக்காரர் சொல்கிறார். கல்லூரி நடத்துகிறவர் சொல்கிறார். டீக்கடைப் பெஞ்சில் சொல்கிறார்கள். நம்ம சேரியிலும் இதையேதான் சொல்கிறார்கள். மற்றவர்கள் சொல்வதில் அவரவர் ஆதாயம் இருக்கிறது. ஒரு பைசா ஆதாயம் இல்லாமல், கட்டிக் கட்டி ஓய்ந்துபோன நம்ம சனம் ஏன் இதைச் சொல்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பழனிமலை என்றால் கொடைக்கானல் ஏரியும் படகும் சாக்லேட் கடையும் என்று நினைப்பவர்களுக்குக் கீழ்மலை தெரியாது. வத்தலக்குண்டில் பஸ் ஏறி மேலே போனால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, கே.சி.பட்டி என்று ஊர்கள். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, சவ்சவ். தோட்டம் வேறு ஆட்களுடையது. பழம் பறிக்கிற கையும் களை வெட்டுகிற கையும் மூட்டை சுமக்கிற முதுகும் நம்முடையவை, பளியர்களுடையவை. இதே மலையில் 1901இலேயே அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அது இன்று சர்வதேசப் பள்ளியாக நிற்கிறது. 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் கொடைக்கானலுக்கு வந்தது. வந்து என்ன? காலையில் பஸ் பிடித்து வகுப்புக்குப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாத காலனிகள் கீழ்மலையில் எத்தனையோ இருக்கின்றன. விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் காப்பித் தோட்டம்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் வேன் வருகிறது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர், கையில் கலர் நோட்டீஸ், நோட்டீஸில் வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ் படம். மேல்தெருவுக்குப் போகாது அந்த வேன். நேராகக் காலனிக்கு வரும். “பீஸெல்லாம் கவர்மெண்டு பாத்துக்கும்மா. நீங்க சாதி சர்டிபிகேட்டும் மார்க் சீட்டும் மட்டும் குடுங்க.” தோட்டத்து முதலாளிகூடத் திண்ணையில் உட்காராத காலனியில் ஒருத்தன் வந்து பாயில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பேசினால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

காலனிக்கு ஏன் வந்தான் என்பதற்கு ஒரு கதை உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலம் அது. அவர் போராடி வாங்கியதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் அரசாணை 92 வந்தது. வருமான வரம்புக்குள் வரும் ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்கள் தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே தரும் என்றது. நல்ல ஆணைதான். அதை நம்பிப் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஆணை வந்த அன்றே நம்ம பிள்ளை கல்லூரி முதலாளி கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. அதுவரை ‘கோட்டா’ என்று முகம் சுளித்தவனுக்கு நம்ம சாதிச் சான்றிதழ் செக் மாதிரித் தெரிந்தது. தலைக்கு இவ்வளவு என்று தரகர்கள் மலையேறினார்கள். பிறகு அரசுப் பணம் வருவது தாமதமாயிற்று. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கான தொகையை மாநில அரசு குறைத்தது. 2018இல் மத்திய அரசின் புதிய விதிகள் நிர்வாக ஒதுக்கீட்டையே தள்ளி வைத்தன. ‘கவர்மெண்டு பாத்துக்கும்’ என்ற அதே வாய், ‘கவர்மெண்டுப் பணம் வரலம்மா, லோன் போட்டுக்குவோம், பாரத்த நானே கொண்டாரேன்’ என்றது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். அந்த அம்மா காப்பிப் பழம் பறிக்கிறவர். மகள் சமவெளியில் ஒரு நர்சிங் நிலையத்தில் சேர்ந்தாள். ரெண்டு வருசம். பாதி நாள் வகுப்பு இல்லை. மீதி நாள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை, அதற்குப் பேர் ‘பிராக்டிகல்’. முடித்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போனபோது, ‘நர்சிங் கவுன்சில் பதிவு எண் எங்க?’ என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று உண்டு என்பதே பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நிலையத்தில் கொடுத்த சான்றிதழுக்குக் கவுன்சிலில் பதிவு கிடையாது. “ரெண்டு வருசம் போனது போகட்டும் தம்பி, அவ மொகத்தப் பாக்க முடியல” என்றார் அந்த அம்மா. பிள்ளை இப்போது வத்தலக்குண்டில் துணிக்கடையில் நிற்கிறாள். வங்கியிலிருந்து கடுதாசி மட்டும் தவறாமல் வருகிறது.

அந்தக் கடன் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். அப்பாவின் ரேஷன் கார்டு, சாதிச் சான்று, வருமானச் சான்று, வி.ஏ.ஓ. கையெழுத்து, வீட்டுமனைப் பட்டா உண்டா, வேறு கடன் உண்டா, ஜாமீனுக்கு யாராவது உண்டா. நாலு லட்சம் வரை கல்விக்கடனுக்கு ஜாமீனோ சொத்தோ வேண்டியதில்லை என்று வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டம் 2001 முதலே சொல்கிறது. ஆனாலும் கேட்டார்கள். அதே திட்டம் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கடன் என்றும் சொல்கிறது. அதைக் கேட்கவில்லை. கூலிக்காரன் யோக்கியனா என்று அஞ்சு தடவை பார்த்த கண், கல்லூரி யோக்கியமா என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை. ஏழையைச் சந்தேகிப்பது, போர்டு மாட்டியவனை நம்புவது என்ற இந்த வழக்கம் ஒரு மேனேஜருடையது மட்டும் அல்ல. சாதிச் சமூகத்தின் பொதுப்புத்தி அது.

அடுத்து, பணம் எந்த வழியாகப் போனது? கட்டணத்துக்கான கல்விக்கடன் மாணவர் கைக்கு வருவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து கல்லூரிக் கணக்குக்கு நேராகப் போகிறது. அந்தப் பிள்ளை அந்த நோட்டுகளைக் கண்ணால் பார்த்ததில்லை. ‘வாங்கினவன் கட்டணும்’ என்கிறீர்களே, நானும் அதைத்தான் சொல்கிறேன். வாங்கினவன் யார்? கொடுத்தது வங்கி, வாங்கினது கல்லூரி. நடுவில் கையெழுத்து மட்டும் நம்முடையது.

‘விசாரிக்காமச் சேந்தது உன் தப்பு’ என்பார்கள். யாரிடம் விசாரிப்பது? வீட்டில் முதல் ஆளாகப் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை, கவுன்சில் என்றால் என்ன, இணைப்பு என்றால் என்ன, ஒப்புதல் என்றால் என்ன என்று யாரிடம் போய்க் கேட்கும்? அதோடு, போலி என்பது ரகசியமாக நடக்கிற கொட்டகை மட்டுமில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் சின்னசேலத்தை ஒட்டிய பங்காரத்தில் எஸ்.வி.எஸ். யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழக இணைப்போடுதான் நடந்தது. பாடம் இல்லை, வசதி இல்லை, ரசீது இல்லாமல் பணம் பிடுங்குகிறார்கள் என்று மாணவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் விழுந்து கிடந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. 2016 ஜனவரியில் மூன்று மாணவிகளின் உடல்கள் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்ட பிறகுதான் கல்லூரிக்குப் பூட்டு விழுந்தது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். பேர் இருக்கிறது, ஆள் இல்லை. ஆய்வுக் குழு போய்ப் பார்த்து ‘சரி’ என்று எழுதி, பல்கலைக்கழகம் இணைப்புக் கொடுத்த கல்லூரிகள் இவை. பெரிய பெரிய பேராசிரியர்கள் போய்ப் பார்த்துக் கண்டுபிடிக்காததைத் தாண்டிக்குடியில் காப்பி பறிக்கிற பொம்பள கண்டுபிடிச்சிருக்கணும் என்கிறார்கள்.

பிடிபட்டால் தண்டனை என்ன? பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956இல் எழுதப்பட்டது. பட்டம் கொடுக்க உரிமையில்லாத ஒருவன் பட்டம் கொடுத்தால், பல்கலைக்கழகம் என்று பேர் வைத்துக்கொண்டால், அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு எழுதிவைத்த அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. ஆமாம், ஆயிரம். நம்ம பிள்ளைக்கு ஒரு மாத வட்டியே அதற்குமேல் வரும்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், போனவர்கள் உண்டு. பீகாரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. பேர் புத்திஸ்ட் மிஷன். புத்தர் பேரை எதற்கெல்லாம் எடுக்கிறார்கள் பாருங்கள். இணைப்பும் அங்கீகாரமும் இருப்பதாக 1990களில் சொல்லிச் சேர்த்தார்கள், இரண்டும் இல்லை. நுகர்வோர் ஆணையம் கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2009இல். பல் வைத்தியம் படிக்கப் போன பிள்ளைகள் நடுவயதுக்கு வந்திருப்பார்கள். அத்தனை வருசமும் டெல்லிக்கு அலைய வசதியிருந்தவர்களுக்குக் கிடைத்த நீதி அது. காப்பிச் சீசனில் ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டுக்கு?

கோர்ட்டு நம்மிடம் வராது, ஆனால் வசூல்காரன் வருவான். 2016 ஜூலையில் மதுரையில் கட்டடத் தொழிலாளியின் மகன், பொறியியல் முடித்தவர், தற்கொலை செய்துகொண்டார். அவர் படித்தது போலிக் கல்லூரி அல்ல; வேலைதான் கிடைக்கவில்லை. ஸ்டேட் பாங்கில் வாங்கிய கல்விக்கடனைக் கேட்டு ரிலையன்ஸ் நிறுவனத்தின் ஆட்கள் நெருக்கினார்கள் என்று குடும்பம் சொன்னது. ஸ்டேட் பாங்குக் கடனில் ரிலையன்ஸ் எங்கே வந்தது? வங்கி தன்னுடைய வாராக் கல்விக்கடன்களை விற்றிருந்தது. அன்று செய்திகளில் வந்த கணக்கு: 847 கோடி ரூபாய்க் கடன், 381 கோடிக்கு. நூற்றுக்கு நாற்பத்தைந்து. மிச்சம் ஐம்பத்தைந்தை வங்கி விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தது என்றுதானே அர்த்தம்? யாருக்கு விட்டுக்கொடுத்தது? கடன் வாங்கிய கூலிக்காரன் மகனுக்கு இல்லை. அவனிடம், ‘இந்தா, நாற்பத்தைந்து கொடுத்துட்டுப் போ’ என்று யாரும் சொல்லவில்லை. ‘பொதுப்பணம், ஒரு ரூபாகூட விட முடியாது’ என்கிற அறம் நம்மிடம் பேசப்படுகிற அறம். கம்பெனியிடம் அதே வாய் வியாபாரம் பேசுகிறது.

இந்த மலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. கொடைக்கானலில் 1983இல் தெர்மாமீட்டர் ஆலை வந்தது. பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் உடைந்த தெர்மாமீட்டர்கள் டன் கணக்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசம் காட்டுக்குள் போயிருந்தது. ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றே கம்பெனி வருசக்கணக்காகச் சொன்னது. 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அங்கே, ‘தெரிஞ்சுதானே பாதரச ஆலைக்கு வேலைக்குப் போனே’ என்று தொழிலாளியிடம் சுத்தம் செய்கிற செலவைக் கேட்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும். கெடுத்தவன்தான் ஈடுகட்ட வேண்டும் என்று வேலூர்த் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் எழுதியது. தண்ணீரைக் கெடுத்தால் கெடுத்தவன் கட்டணும், ஒரு பெண்ணின் இருபது வயதைக் கெடுத்தால் அவளே கட்டணும் என்பது என்ன நியாயம்?

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு விசயம். ‘கடன்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் கடமை. புறநானூற்றில் 312ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது, எம்.ஏ. வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். தாய்க்கு ஒரு கடன், தகப்பனுக்கு ஒரு கடன், வேல் வடிக்கிற கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், கடைசியில்தான் மகனுக்கு. கடைசியில் பையனை யானைப் போருக்கு அனுப்புகிற பாட்டு அது. அதைத் தலையில் தூக்கி ஆட நான் தயாரில்லை. ஆனால் அந்தப் பாட்டிலே கூட ஒரு பிள்ளை ஆளாவதற்கான கடன் நாலைந்து பேர் மேல் பங்கிட்டுக் கிடக்கிறது. ராஜாவுக்கும் பங்கு உண்டு. எப்போது கடன் என்பது ரூபாய் ஆனதோ அப்போது மற்றவர்கள் எல்லாம் நைசாகக் கழன்றுகொண்டார்கள். அனுமதி கொடுத்த வேந்தன் கழன்றுகொண்டான், பட்டறை வைத்த கொல்லன் கழன்றுகொண்டான். பாரம் முழுவதும் மகள் தலையில்.

இங்கேதான் நம்ம தோழர்கள் ‘கல்விக்கடனைத் தள்ளுபடி செய்’ என்று சுவரில் எழுதுகிறார்கள். தேர்தல் வந்தால் கட்சிகளும் எழுதுகின்றன. போலிக் கல்லூரிக் கடனைப் பொறுத்தவரை எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. தள்ளுபடி என்றால் கடன் உன்னுடையதுதான், போனால் போகிறது என்று ராஜா மனமிரங்கி விடுகிறார் என்று பொருள். கோயில் வாசலில் பட்டைச்சாதம் வாங்குவது மாதிரி. வாங்கியவன் தலைகுனிந்து வாங்க வேண்டும். நாளைக்கே ‘உங்களுக்கென்னப்பா, எல்லாம் தள்ளுபடி’ என்று மேல்தெருவில் பேசுவான். நாம் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கடன் செல்லாது. இது இந்தப் பிள்ளையின் கடனாக ஒருநாளும் இருந்ததில்லை.

இப்படி ஒரு சட்டம் நம்ம நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம்: 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது, 1976இல் சட்டமானது. கொத்தடிமைக் கடனை அது ‘தள்ளுபடி’ செய்யவில்லை. கடன் அற்றுப்போனது என்றது. அதற்காக அடமானமாகப் பிடித்துவைத்த சொத்தைத் திருப்பிக் கொடு என்றது. இதற்கும் மேலே போனது: அற்றுப்போன கடனுக்கு அந்த ஆள் தானாகவே கொண்டுவந்து கொடுத்தாலும் நீ வாங்கக் கூடாது, வாங்கினால் மூன்றாண்டு வரை ஜெயில். ஏன் அப்படி எழுதினார்கள்? நம்ம ஆள் மானத்துக்குப் பயந்து தானாகவே கொண்டுபோய்க் கொடுப்பான் என்று தெரிந்துதான். முன்பணம் வாங்கிய தாத்தாவுக்காகப் பேரன் தோட்டத்தில் நின்ற வரலாறு தெரிந்துதான்.

கல்விக்கடனைக் கொத்தடிமைக் கடன் என்று நான் சொல்லவில்லை. அது மிகை. வங்கிக்காரன் யாரையும் கட்டிவைத்து வேலை வாங்கவில்லை. கல்விக்கடனால் படித்து நிமிர்ந்தவர்கள் நம்மிடையே நிறைய. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: எப்படிப் பிறந்தது என்பதை வைத்து ஒரு கடனைச் செல்லாது என்று சொல்ல இந்த அரசுக்கு முடியும். ஒருமுறை சொல்லியும் இருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை.

அமெரிக்காவில்கூட இது நடந்தது. கொரிந்தியன் என்ற தனியார் கல்லூரிக் கம்பெனி. ஏழைகள், கறுப்பர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். வேலை கிடைக்கும் என்று பொய்க் கணக்குக் காட்டினார்கள். 2015இல் இழுத்து மூடினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பே, அந்த வருசம் பிப்ரவரியில், அங்கே படித்த பதினைந்து பேர் ‘கட்ட மாட்டோம்’ என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். கடன் வேலைநிறுத்தம். சிரித்தார்கள், மிரட்டினார்கள். 2022 ஜூனில் அமெரிக்கக் கல்வித்துறை அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் அரசுக் கடனை ரத்து செய்தது. தனக்குக் கட்டியதையும் திருப்பித் தருவதாகச் சொன்னது. ஏழு வருசம் ஆயிற்று. நம்ம ஊரில் பதினைந்து பேர் அப்படிச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அடுத்த மாதம் மகளிர் குழுக் கடனுக்குப் போனால் அதே மேனேஜர், அதே நாற்காலி. தனியாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

சரி, பிள்ளை கட்டவில்லை என்றால் வங்கிப் பணம் யாருடையது, அது பொதுமக்கள் போட்ட பணம்தானே என்ற கேள்வி இருக்கிறது. நியாயமான கேள்வி. நம்ம பெண்கள் குழுக்களில் சேர்த்த பணமும் அதே வங்கியில்தான் கிடக்கிறது. இதற்கு இரண்டு விசயம் சொல்லலாம். 2015 முதல் கல்விக்கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி ஒன்று உண்டு. ஏழரை லட்சம் வரைக்கும் ஜாமீன் இல்லாத கடனில், மாணவர் கட்டாமல் போனால் முக்கால் பங்கு வரை வங்கிக்கு அது ஈடு தரும். மாணவர் ஏமாற்றினால் வங்கிக்குக் காப்பு இருக்கிறது. கல்லூரி ஏமாற்றினால் மாணவருக்குக் காப்பு? ஒன்றும் கிடையாது. யாரைக் கள்ளனாக நினைத்து இந்தச் சட்டதிட்டமெல்லாம் எழுதப்பட்டது என்று இதிலிருந்தே தெரியும். இரண்டாவது, கல்லூரி முதலாளிக்கு நிலம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, அறக்கட்டளை என்ற பேரில் இன்னும் என்னென்னவோ இருக்கிறது. முதலில் அங்கே கை வைக்கட்டும். அது போதவில்லை என்றால் இணைப்பும் ஒப்புதலும் கொடுத்தவர்கள் தரட்டும்; ஆய்வுக் கட்டணம் என்று லட்சங்களில் வாங்குகிறவர்கள்தானே. அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், பார்க்காமல் கொடுத்த வங்கி அதைத் தன் நட்டமாக எழுதிக்கொள்ளட்டும். பிள்ளையின் முறை இந்த வரிசையில் வரவே வராது. நாணயமாகக் கட்டி முடித்தவர்களுக்கு இது அநியாயம் இல்லையா என்றால், ஏமாந்தும் கட்டியவர்களுக்குக் கட்டியதைத் திருப்பிக் கொடு என்பதுதான் பதில். நல்ல கல்லூரியில் படித்து வேலைக்குப் போய்க் கட்டியவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பிடித்துவைத்த அசல் சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வரி. அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. கல்லூரிகள் இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்கப் போகும்போது ரெண்டு பேராகப் போங்கள், எழுத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் பேசுகிற நாம் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். வேனில் வந்த வெள்ளைச் சட்டைக்காரன் எல்லா ஊரிலும் அந்நியன் இல்லை. சில ஊரில் அவன் நம்ம அமைப்பின் கிளைச் செயலாளர். சில ஊரில் உபதேசியார். சில ஊரில் ‘முதல் பட்டதாரி’ என்று நாமே மேடையில் துண்டு போட்டவன். கற்பி என்று அம்பேத்கர் சொன்னதை நோட்டீஸில் போட்டே ஆள் பிடித்தார்கள். வேலையில்லாத பட்டதாரி, தலைக்கு மூவாயிரம் நாலாயிரம் கமிஷன் என்றால் போகத்தான் செய்வான், அவனும் கடன்காரன்தானே என்று சிலர் சொல்கிறார்கள். பசி எனக்கும் புரிகிறது. ஆனால் கல்லூரி முதலாளிக்கு நம் தெருவுக்குள் வர வழி தெரியாது. வழி காட்டியது நம்ம ஆள். அந்தக் கமிஷன் திரும்பி வர வேண்டும். பணமாக முடியாவிட்டால், அந்தந்த ஊரில் நின்று, எந்தக் கல்லூரி, யார் அனுப்பினார், எவ்வளவு கை மாறியது என்று சாட்சி சொல்லட்டும். இதைச் சொன்னால் இயக்கத்துக்குக் கெட்ட பேர் என்கிறார்கள். பிள்ளைகள் துணிக்கடையில் நிற்பது நல்ல பேரா?

போன மாதம் கீழ்மலைக் குடும்பங்கள் சில சேர்ந்து திண்டுக்கல் கலெக்டரிடம் திங்கட்கிழமை கொடுக்க ஒரு மனு எழுதினோம். ‘தள்ளுபடி செய்து உதவுமாறு பணிவுடன்’ என்று முதலில் ஒரு தம்பி எழுதியிருந்தான். எல்லா மனுவும் அப்படித்தானே தொடங்குகிறது. அதை அடித்துவிட்டு, ‘இக்கடன் எங்களுடையது அல்ல, கல்லூரி நிர்வாகத்திடம் வசூலிக்க வேண்டும், கட்டிய தவணைகளைத் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதினோம். வாசித்துக் காட்டினபோது எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள்.

துணிக்கடையில் நிற்கும் அந்தப் பிள்ளையின் அப்பா மட்டும் பேனாவை வாங்கவில்லை. “வாங்கினத வாங்கலைன்னு எழுதச் சொல்றீங்களா தம்பி?” என்றார்.

“பணம் உங்க கைக்கு வரவே இல்லையே மாமா. பாங்குலருந்து நேரா அவன் கணக்குக்குப் போயிருச்சு.”

“கையெழுத்து என்னுதுதானே?”

அவருடைய அப்பா காப்பித் தோட்டத்தில் முன்பணக் கடன் தீராமலே செத்துப்போனவர். செத்த அன்றைக்கும் தோட்டத்து மேஸ்திரி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததை இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றேன். “எங்கப்பாவுக்கு அது தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டார். ‘தெரிஞ்சிருந்தா கட்டியிருக்க மாட்டார்’ என்கிறாரா, ‘தெரிஞ்சிருந்தாலும் கட்டியிருப்பார்’ என்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. தன் நாணயத்தை வங்கி நம்பாவிட்டாலும் அவர் விடுவதாக இல்லை. அந்த நாணயத்தை வைத்துத்தான் அத்தனை பேரும் அவரைக் கறக்கிறார்கள் என்று சொன்னேன். “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்து போனார்.

மனுவில் பதினொரு பேர் கையெழுத்து இருக்கிறது. அவருடையது இன்னும் இல்லை.